கடற்கரைச் சாலையில் 200 கிலோமீட்டர்: சைக்கிள் பயணத்தை எக்ஸெல்லில் அலசலாம்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதத்தில் எல்லாரும் செய்வது ஒன்றுதான். படம் பார்ப்பார்கள், பாட்டுக் கேட்பார்கள், சீட்டாட்டம் ஆடுவார்கள். அதற்குப் பிறகு "இதை வைத்து வேறு என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும். என்னிடம் அப்படிக் கேட்டவர் எங்கள் சைக்கிள் குழுவில் மூத்தவர். ஓய்வு பெற்ற கணித ஆசிரியர், வயது 61. குழுவில் எல்லாரும் அவரை "சார்" என்றுதான் கூப்பிடுவோம். கேள்வி கேட்ட மூன்றாவது மாதம், தன் கம்ப்யூட்டரில் அவரே போட்ட ஒரு கிராஃப் அவரை டாக்டரிடம் அனுப்பி வைத்தது. அது எப்படி என்று பார்ப்போம். இதற்குத் தேவையான மென்பொருள்கள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன.

எங்கள் குழுவில் பெரும்பாலோர் என்னைப் போல் சாப்ட்வேர் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக் கொண்டதால் சைக்கிளுக்கு வந்தவர்கள். இந்த ஆண்டு எல்லாருக்கும் ஓர் ஆசை: "பிரெவே" எனப்படும் நீண்ட தூரப் பயணத்தை முடிக்க வேண்டும். பிரான்ஸ் நாட்டின் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிகளின்படி உலகம் முழுவதும் நடக்கும் பயணம் இது. இதில் முதல், இரண்டாம் பரிசு எல்லாம் கிடையாது. குறிப்பிட்ட நேரத்துக்குள் முடித்தால் போதும். 200 கிலோமீட்டருக்கு 13.5 மணி நேரம், 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி. சாப்பாடு, பஞ்சர், தூக்கம் எல்லாம் இந்தக் கணக்குக்குள்ளேயே அடங்கும்.

அதற்குப் பயிற்சியாக ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் 200 கிலோமீட்டர் போய்வரத் திட்டமிட்டோம். திருவான்மியூரில் அதிகாலை 4.30க்குக் கிளம்பினோம். முட்டுக்காடு பாலம், கோவளம், மாமல்லபுரம் எல்லாம் இருட்டிலேயே கடந்துவிட்டன. கல்பாக்கம் தாண்டும்போது நன்றாக விடிந்திருந்தது. கடப்பாக்கத்தில் இட்லி. அதையும் தாண்டி, மரக்காணம் உப்பளங்களுக்குச் சற்று முன்பு மீட்டர் 100 காட்டியதும் திரும்பிவிட்டோம்.

போகும்போது சராசரி வேகம் மணிக்கு 27 கிலோமீட்டர். புதிதாக வந்த இரண்டு பேருக்கு "நமக்கு இவ்வளவு சக்தியா!" என்று ஒரே பெருமை. உண்மையில் அது அவர்கள் கால் செய்த வேலை இல்லை. ஜனவரியில் இந்தக் கரையில் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். தெற்கே போகும்போது முதுகைத் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். திரும்பும் 100 கிலோமீட்டரில் சராசரி 20க்கு இறங்கியது. எதிர்க்காற்றில் ஒருவர் முன்னால் போக, மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவோம். முன்னால் போகிறவர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறுவார். பின்னால் வருபவருக்கு உழைப்பு வெகுவாகக் குறையும். வயதைக் கருதி சாரை முன்னால் விடவே இல்லை. மாமல்லபுரம் தாண்டியதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். கேட்டதற்கு "ஒன்றுமில்லை" என்றார். மதியம் 3 மணிக்கு எல்லாரும் பத்திரமாகத் திருவான்மியூர் வந்து சேர்ந்தோம்.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம்.

சைக்கிள் கைப்பிடியில் பொருத்தும் சிறிய ஜிபிஎஸ் கருவியோ, செல்போனில் உள்ள ஆப்போ, நீங்கள் போன பாதையை ஒரு பைலாகப் பதிவு செய்யும். தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னலை வாங்கி, அவற்றின் நேர வித்தியாசத்தை வைத்து நீங்கள் நிற்கும் இடத்தை அது கணக்கிடுகிறது. மார்பில் கட்டும் பட்டை இருந்தால் இதயத் துடிப்பும் அதே பைலில் சேர்ந்துவிடும். பைல் பெரும்பாலும் ஜிபிஎக்ஸ் அல்லது ஃபிட் என்ற பார்மட்டில் இருக்கும்.

ஜிபிஎக்ஸ் பைல் என்றால் ஏதோ பெரிய விஷயம் என்று பயப்பட வேண்டாம். அது வெறும் எழுத்துதான். பைல் மேல் ரைட் கிளிக் செய்து, நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் என்று வரிசையாக இருக்கும். சார் அப்படித் திறந்ததும் எனக்குப் போன் செய்தார். "தம்பி, நாம ஞாயித்துக்கிழமை காலையிலதானே கிளம்பினோம்? இது சனிக்கிழமை ராத்திரி 11 மணின்னு சொல்லுதே!" பைலில் தப்பு இல்லை. அதில் பதிவாவது உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. எக்ஸெல்லில் 5.5-ஐ 24-ஆல் வகுத்து, நேரம் உள்ள கட்டத்தோடு கூட்டிவிட்டால் நம் நேரம் கிடைத்துவிடும்.

இந்தப் பைலை எக்ஸெல்லுக்குக் கொண்டுவர ஜிபிஎஸ்பேபல் என்ற இலவச மென்பொருளை இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். அதில் மேலே உள்ளே வரும் பைலையும் அதன் பார்மட்டையும், கீழே வெளியே வர வேண்டிய பார்மட்டாக சிஎஸ்வி என்பதையும் தேர்ந்தெடுத்து ஓகே கொடுக்கவும். கிடைக்கும் பைலை எக்ஸெல்லிலோ, இலவசமான லிப்ரெஆபிஸ் கால்க்கிலோ திறக்கலாம். சாரின் கருவி வினாடிக்கு ஒரு புள்ளி எடுத்ததால் 31,000க்கும் மேற்பட்ட வரிகள் வந்தன. பழைய எக்ஸெல் 2003ல் ஒரு ஷீட்டில் 65,536 வரிகள்தான் கொள்ளும். எக்ஸெல் 2007 முதல் பத்து லட்சத்தைத் தாண்டி இடம் இருக்கிறது, கவலை இல்லை.

உயரக் கணக்கை மட்டும் உடனே நம்பிவிடாதீர்கள். உள்ளங்கை போல் தட்டையான இந்தச் சாலையில் ஒருவருடைய செல்போன் 600 மீட்டர் மலை ஏறியதாகக் காட்டியது. ஜிபிஎஸ் உயரம் ஒவ்வொரு முறையும் சில மீட்டர் கூடக் குறைய வரும். அந்தச் சின்னச் சின்ன ஆட்டங்களை எல்லாம் ஏற்றம் என்று கூட்டினால் கடற்கரையில் கூட மலை முளைத்துவிடும்.

சார் செய்தது இதுதான். ஒவ்வொரு 10 கிலோமீட்டருக்கும் சராசரி வேகம், சராசரி இதயத் துடிப்பு இரண்டையும் ஆவரேஜ் பார்முலா மூலம் கணக்கிட்டு, மொத்தம் இருபது வரிகளாகச் சுருக்கினார். அந்தக் கட்டங்களை மவுஸால் தேர்வு செய்து, இன்சர்ட் மெனுவில் சார்ட் கொடுத்து லைன் கிராஃப் போட்டார். காலையில் நிமிடத்துக்கு 118 ஆக இருந்த துடிப்பு, 150ஆவது கிலோமீட்டரில் 147. வேகக் கோடு கீழே இறங்க, துடிப்புக் கோடு மேலே ஏறிக்கொண்டே போனது.

"எதிர்க்காற்றுதான் காரணம்" என்றார் குழுவில் ஒருவர். கணக்கு வாத்தியார் அவ்வளவு சுலபமாக விடுவாரா? எங்கள் இரண்டு பேரின் பைல்களையும் ஈமெயிலில் அனுப்பச் சொன்னார். அதே சாலை, அதே காற்று, அதே வேகம். எங்கள் துடிப்பு 9, 11 என்றுதான் கூடியிருந்தது. அதுவும் நாங்கள் முன்னால் நின்று காற்றை வாங்கியவர்கள். பின்னால் ஒளிந்து வந்தவருக்கு 29 கூடியிருக்கிறது! மார்புப் பட்டை கோளாறா என்றும் பார்த்தோம். கோளாறு என்றால் கோடு திடீர் திடீரென்று குதிக்கும். இது ஒரே சீராக ஏறியிருந்தது.

இன்னொரு எண்ணும் அவரிடம் இருந்தது. கிளம்பும் முன் எடை 72.4 கிலோ, வந்ததும் 69.9. வழியில் நாலரை லிட்டர் தண்ணீர் குடித்த பிறகும் இரண்டரை கிலோ குறைவு. சில மணி நேரத்தில் குறையும் எடை பெரும்பாலும் தண்ணீர்தான். அது உடல் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டினாலே தாக்குப்பிடிக்கும் சக்தி குறையத் தொடங்கும். இவருக்கு கிட்டத்தட்ட மூன்றரை சதவீதம். உடலில் நீர் குறைந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவு குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. பயிற்சியாளர்கள் இதற்கு "கார்டியாக் டிரிஃப்ட்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஓரளவு எல்லாருக்கும் வரும். ஆனால் இவ்வளவு வந்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சாரின் மனைவி பிரெவே வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சார் கிராஃபை பிரிண்ட் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். அவர் டிரெட்மில் டெஸ்ட் எடுத்துப் பார்த்தார். இதயத்தில் குறை இல்லை. சார் ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிட்ட மாத்திரைகளில் ஒன்று சிறுநீரை அதிகம் வெளியேற்றும் வகை. ஒரு பக்கம் வியர்வை, மறுபக்கம் மாத்திரை. டாக்டர் அதற்குப் பதில் வேறொன்று எழுதித் தந்து, வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிக்காமல் உப்பும் சேரும்படி ஓஆர்எஸ் கலந்து குடிக்கச் சொன்னார். (உங்கள் மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். இதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.) பிப்ரவரியில் அதே சாலையில் 120 கிலோமீட்டர் போய் வந்தோம். துடிப்பு 12 மட்டுமே கூடியது. அந்த இரண்டாவது கிராஃபைப் பார்த்த பிறகுதான் வீட்டில் அனுமதி கிடைத்தது. மார்ச்சில் நடந்த பிரெவேயை சார் 12 மணி 10 நிமிடத்தில் முடித்தார்.

நீங்களும் செய்வதாக இருந்தால் சைக்கிள்தான் வேண்டும் என்றில்லை. காலை நடைப் பயிற்சிக்கும் இதே முறைதான். ஒவ்வொரு பைலுக்கும் தேதியையே பெயராக வைத்து ஒரே போல்டரில் போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை பென் டிரைவில் காப்பி எடுத்துக் கொள்ளுங்கள். முக்கியமாக, பைலை மற்றவர்களுக்கு அனுப்புவதற்கு முன் முதல் சில நூறு வரிகளையும் கடைசி சில நூறு வரிகளையும் அழித்துவிடுங்கள். பயணம் உங்கள் வீட்டு வாசலில் தொடங்கியிருந்தால், அந்த வாசல் எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்கு வீடு பூட்டிக் கிடக்கும் என்பதும் அந்தப் பைலிலேயே இருக்கும்.