நோயை அளத்தலும் வாழ்வை அளத்தலும்

காய்ச்சலின் கடுமையை வெப்பமானி காட்டும். ஆனால், பாரிசவாதத்தால் ஒரு கையும் காலும் தளர்ந்தவர் தாமே சோறுண்பாரா, தாமே குளிப்பாரா என்பதை எக்கருவி காட்டும்? நோயாளியைப் பேணுவோர்க்கு நாள்தோறும் எதிர்ப்படும் வினா இதுவேயாகும்.

இவ்வினாவுக்கு விடைகாண முயன்றோருள் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பணியாற்றிய இருவர் குறிப்பிடத்தக்கவர். புளோரன்ஸ் மஹோனி என்ற வைத்தியரும் டொரத்தியா பார்தெல் என்ற இயன்மருத்துவரும் 1965ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். பார்தெல் சுட்டெண் எனப்படும் அது இன்றும் பல நாடுகளிற் கையாளப்படுகின்றது.

உண்ணல், குளித்தல், முகங்கழுவித் தலைவாரல், உடுத்தல், மலத்தை அடக்கல், சிறுநீரை அடக்கல், மலசலகூடத்தைப் பயன்படுத்தல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறல், நடத்தல், படியேறல் எனப் பத்துச் செயல்கள் அதில் உள. மொத்தப் புள்ளிகள் 100. தாமே குளிப்பவர்க்கு 5 புள்ளிகள். தாமே நடப்பவர்க்கு 15. ஒரு செயலைச் செய்ய இயலாதவர்க்குப் பிறர் எவ்வளவு நேரமும் உழைப்பும் செலவிட வேண்டுமோ, அதற்கேற்பவே புள்ளிகள் வகுக்கப்பட்டன.

பரீட்சையில் இரு மாணவர் ஒரே கூட்டுத்தொகை பெறினும், ஒருவர் கணிதத்திலும் மற்றவர் மொழியிலும் பின்தங்கியிருத்தல் கூடுமன்றோ? இங்கும் அவ்வாறே. மலசலத்தை அடக்க இயலாத ஒருவரும், உடுக்கவும் படியேறவும் இயலாத மற்றொருவரும் 80 புள்ளிகளே பெறலாம். இருவர்க்கும் வேண்டிய உதவியோ வெவ்வேறு. ஆதலின், கூட்டுத்தொகையோடு நில்லாது ஒவ்வொரு செயலையும் நோக்குதல் வேண்டும்.

இவ்வளவுகோலை இன்று கையாள்வோர், நோயாளி எதைச் செய்யக்கூடும் என்று ஊகிப்பதில்லை. எதைச் செய்கின்றார் என்றே பார்க்கின்றனர். நம் இல்லங்களில் அன்பு மிகுதியால் நாமே ஊட்டி, நாமே உடுத்திவிடுகின்றோம். அதனால் அவர்பால் எஞ்சியுள்ள ஆற்றல் வெளிப்படாமலே மறைந்துவிடுகின்றது. கரண்டியை அவர் கையிற் கொடுத்துச் சற்றே பொறுத்திருப்பதும் பணிவிடையேயாகும்.

100 புள்ளி பெற்றவர் முற்றும் நலமடைந்தார் என்பதுமன்று. அவர் துணையாள் இன்றி இயங்குவார். எனினும் சமைக்கவோ தனித்து வாழவோ இயலாதிருக்கலாம். இதனை அவ்விருவருமே தெளிவாக உரைத்துள்ளனர். உள்ளத்துச் சோர்வையும் இவ்வெண் சொல்லாது.

எனவே, நேயர்களே, வைத்தியரிடம் செல்லுங்கால் “சுகமில்லை” என்று மட்டும் கூறி அமையாதீர்கள். சென்ற மாதம் இயன்ற எச்செயல் இம்மாதம் இயலவில்லை, எதற்கு எவ்வளவு உதவி வேண்டியிருக்கின்றது என்று எடுத்துரையுங்கள். வேண்டிய உதவி எதுவென அவர் அறிவதற்கு அதுவே வழிகாட்டும்.