ஓடவும் இல்லை, மூடவும் இல்லை!

புதுவை முதலியார்பேட்டையிலே, கடலூர்ச் சாலை ஓரத்திலே, ஓய்ந்து கிடக்கிறது ஒரு பஞ்சாலை. ஏ.எப்.டி. என்பது ஏட்டிலுள்ள பெயர்; மக்கள் நாவிலே அது ரோடியர் மில். 1898-ல் தோன்றி, தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட ஆலை. அதன் சங்கொலிதான் ஒரு காலத்தில் இந்த வட்டாரத்துக்குக் கடிகாரம்.

அந்த ஆலை ஒரே நாளில் சாகவில்லை, தோழர்களே! நட்டம் முன்பே பெருகியிருந்தது. 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயலும் வந்து சிதைத்தது. புதுப் பொறி பூட்டி ஓட்டியிருக்கலாம். முடியாதென்றால், கணக்கைத் தீர்த்து வேறு வழி காட்டியிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. 2013-ல் வந்தது ‘லே-ஆப்’. வேலையில்லை, பாதிச் சம்பளம்! ஆட்சி மாறியது, அவதி மாறவில்லை. இறுதி மூடல் 2020 ஏப்ரல் 30-ல்.

சிறிய ஊர், சிக்கல் பெரிது என்பர் சிலர். பெரிய நாடு மட்டும் விரைந்ததா? ஜப்பானைப் பாருங்கள்! 1989 முடிவில் டோக்கியோ பங்குச் சந்தையின் நிக்கெய் குறியீடு 38,915. மறு ஆண்டே சரிவு. பின்னர் நில விலையும் வீழ்ந்தது. நிலத்தை நம்பிக் கடன் கொடுத்த வங்கிகள், வாராக் கடனை வாராக் கடனென்று ஒப்புக்கொள்ள அஞ்சின. பழைய வட்டியைக் கட்டப் புதுக் கடன் கொடுத்து, செத்த கம்பெனிகளை உயிரோடிருப்பதாகக் காட்டின. விலை ஏறும், விடியும் என்று அரசும் காத்திருந்தது. விடியவில்லை, இடிந்தது! 1997 நவம்பரில் ஹொக்கைடோ டக்குஷோக்கு வங்கி சாய்ந்தது. யமாயிச்சி பங்கு நிறுவனம் கதவடைத்தது. அதன் பிறகே, 1998-ல், வங்கிகளைத் தூக்கி நிறுத்தப் பொதுப்பணம் பெருமளவில் ஒதுக்கப்பட்டது. பழைய குறியீட்டைத் தாண்டியது எப்போது? 2024 பிப்ரவரியில்!

டோக்கியோவிலே வங்கி, புதுவையிலே ஆலை, நோய் ஒன்றே. நோயைச் சொல்ல அச்சம், மருந்து கொடுக்கத் தயக்கம்!

தாமதம் இலவசமன்று, தோழர்களே! அதற்கும் விலை உண்டு. அதைக் கொடுப்பவர் கோப்பை வைத்திருந்தவர் அல்லர். பாதிச் சம்பளத்திலே பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் கட்டியவர்.

1936 ஜூலை 30-ல், இதே புதுவையிலே உரிமை கேட்டுத் துப்பாக்கிக்குப் பலியானவர்கள் 12 தொழிலாளர்கள். அவர்கள் வழிவந்தோருக்கு நாம் கேட்பது சலுகையன்று, தெளிவு. நலிந்த நிறுவனம் எதுவாயினும், ஓட்டுவதானால் உடனே ஓட்டுக! மூடுவதானால், உழைத்தவன் கணக்கைத் தீர்த்து மூடுக! இரண்டுக்கும் நடுவே அவனைத் தொங்கவிடுவது ஆட்சியன்று, அநீதி!