புதுக் காருக்கும் ஒரு பட்டை உண்டு



ஒரு காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் அது துரையின் கார். நாமெல்லாம் சைக்கிளில் போனோம், இல்லாவிட்டால் நடந்தோம். 1985ஆம் ஆண்டு நம் நாட்டின் முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகா வந்தது. 1994இல் சின்னஞ்சிறு கஞ்சில் வந்தது. 2003 முதல் நம் மலாக்கா மாநிலத்திலேயே, அலோர் காஜா வட்டாரத்துப் பெகோவில், ஹோண்டா கார்கள் தயாராகின்றன. இன்று லயத்து வாசலிலும் தாமான் வீட்டு வாசலிலும் கார் நிற்கிறது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அது பெரும்பாலும் கடனில் வாங்கிய கார். தவணை ஒன்பது ஆண்டுவரைகூட நீளும். கடன் தீருமுன் காரின் சாயம் தீர்ந்துவிட்டால் நட்டம் யாருக்கு? அதனால் இன்று புதுக் காரின் சாயத்தைக் காக்கும் வழியைப் பார்ப்போம்.

எங்கள் தோட்டத்தில் நடந்ததை முதலில் சொல்கிறோம். பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் மகள், வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் கறுப்பு நிறத்தில் புதுக் கார் வாங்கினார். அந்தக் குடும்பத்துக்கு அதுதான் முதல் கார். தகப்பனாருக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் பெரட்டுக்குப் போகுமுன், தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் காரின் மேல் படிந்த செம்மண் தூசியை அழுத்தித் துடைப்பார். மூன்று மாதம் கழித்து வெயிலில் பார்த்தால், கார் முழுவதும் சிலந்தி வலை பின்னியதுபோல் நுண்ணிய கீறல்கள்! பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்தாம் கீறிவிட்டார்கள் என்று பேச்சு எழுந்தது. அவர்கள் எங்களிடம் படிக்கும் பிள்ளைகள். வழக்கு பள்ளிக்கூடம்வரை வந்துவிட்டது. நாங்கள் காரைச் சுற்றிப் பார்த்தோம். கீறல்களெல்லாம் கை துடைத்த வாக்கிலேயே வட்டம் வட்டமாக இருந்தன. குற்றவாளி பிள்ளைகள் அல்லர், அப்பாவின் துண்டுதான்!

இது எப்படி நேர்ந்தது? காரின் சாயம் ஒரே பூச்சு அன்று. தொழிற்சாலையில் இரும்புக் கூட்டைக் கழுவி, மருந்து நீரில் நனைத்து, துருவைத் தடுக்கும் அடிச்சாயத் தொட்டியில் முழுவதுமாக முக்கி எடுக்கிறார்கள். அதன்மேல் நிறச்சாயம். அதற்கும் மேலே, நிறமே இல்லாத கண்ணாடி போன்ற ஒரு மேற்பூச்சு. இவற்றைப் பெரிய அடுப்பு அறைகளில் சுட்டு இறுக வைக்கிறார்கள். இத்தனை அடுக்குகளையும் சேர்த்தாலும் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். நம் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றின் கனம்! பளபளப்புத் தரும் மேற்பூச்சோ அதில் பாதிகூட இராது.

செம்மண் தூசியில் நுண்ணிய மணல் இருக்கிறது. உலர்ந்த துணியால் துடைத்தால் அந்த மணல், உப்புத்தாள்போல் மேற்பூச்சை அராவிவிடும். அந்தத் தகப்பனாருக்கு நாங்கள் இப்படித்தான் விளக்கினோம். "அண்ணே, பால் வெட்டும்போது கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம் என்று எங்களைவிட உங்களுக்குத் தெரியும். காருக்கும் இது பட்டை. ஒரே வேறுபாடு, மரத்தில் வெட்டிய பட்டை மீண்டும் வளரும். காரின் பட்டை வளராது." அவர் உடனே புரிந்துகொண்டார்.

சாயத்துக்குப் பகைவர்கள் இன்னும் சிலர் உண்டு. முதலாவது பறவை எச்சம். அதில் அமிலத்தன்மை இருக்கிறது. வெயிலில் சூடேறிய சாயம் சற்றே இளகி விரியும். குளிரும்போது, காய்ந்த எச்சத்தைச் சுற்றிச் சுருங்கும். அதனால் அந்த இடத்தில் தழும்பு விழும். ஸ்டோரில் பாலை உறைய வைக்கும் ஆசிட் கையில் பட்டால் உடனே கழுவுகிறோம் அல்லவா? எச்சம் பட்டாலும் அப்படியே செய்யவேண்டும். ஆனால் சுரண்டக் கூடாது. ஈரத்துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து, மெல்ல எடுக்கவேண்டும். இரண்டாவது, மர நிழல். ரப்பர் மரத்தடியில் காரை நிறுத்தினால், காய் வெடித்துக் கொட்டை கூரைமேல் விழும். மற்ற மரங்களில் பிசினும் எச்சமும் விழும். நாலு கம்பமும் தகரக் கூரையும் போட்ட கொட்டகையே மேல். மூன்றாவது, கடல் உப்பு. தஞ்சோங் கிளிங் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போய்வந்தால், மறுநாளே காரை நல்ல தண்ணீரில் அலசிவிடவேண்டும்.

புதுக் காரைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போடுவது நம் வழக்கம். அதை விடச் சொல்லவில்லை. சந்தனத்தையும் குங்குமத்தையும் சாயத்தின்மேல் வைக்காமல், கண்ணாடியின் ஓரத்தில் வைத்தால் போதும். சாயத்தின்மேல் காயவிட்டால் கறை பிடிக்கும். கற்பூரத் தட்டையும் காரின்மேல் வைக்கவேண்டாம்.

இனி, கழுவும் முறை. வாரம் ஒரு முறை, நிழலில், இயந்திரச் சூடு ஆறிய பிறகு கழுவவேண்டும். முதலில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றித் தூசியை ஓடவிடுங்கள். இரண்டு வாளி எடுங்கள். ஒன்றில் கார் கழுவும் சவர்க்கார நீர், மற்றொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிய பிறகே சவர்க்கார நீரில் நனைக்கவேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே இறங்குங்கள். சேறு அதிகமுள்ள அடிப்பகுதியும் சக்கரமும் கடைசியில், அவற்றுக்குத் தனித்துணி. மங்கு கழுவும் சவர்க்காரம் வேண்டாம். அது எண்ணெய்ப் பிசுக்கோடு மெழுகுப் பூச்சையும் எடுத்துவிடும். கழுவிய பின் மென்மையான துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். வெயிலில் தானே காயவிட்டால் நீர்த்துளிகளின் தடம் நிற்கும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை மெழுகு பூசினால் நல்லது. "புதுக் காருக்கு ஆறு மாதம் மெழுகு கூடாது" என்று சிலர் சொல்வார்கள். பட்டறையில் மறுசாயம் அடித்த காருக்குத்தான் காத்திருக்கவேண்டும். தொழிற்சாலையில் சுட்ட சாயத்துக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் மெழுகு வேறு, கீறல் போக்கும் பாலிஷ் வேறு. பாலிஷ் ஒவ்வொரு முறையும் மேற்பூச்சைக் கொஞ்சம் தேய்த்து எடுக்கும். அடிக்கடி போட்டால் பட்டை தீர்ந்துவிடும்.

ஆயிரக்கணக்கான வெள்ளியில் செராமிக் பூச்சுப் பூசச் சொல்லி ஆசைகாட்டுவோரும் உண்டு. அது பளபளப்புத் தரும், கழுவுவதும் எளிதாகும். ஆனால் லாரி தெறிக்கும் கல்லை அது தடுக்காது. உலர்ந்த துண்டுக்கும் ஈடுகொடுக்காது. கடன் வாங்கி அதைப் பூசவேண்டிய அவசியமில்லை. கல் பட்டு இரும்பு தெரிந்தால், அந்த இடத்தைச் சுத்தம் செய்து உலரவிட்டு, அதே நிறத் தொட்டுச் சாயத்தை ஒரு பொட்டு வையுங்கள். துரு தொடங்காது.

நேயர்களே, அந்தத் தகப்பனார் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் வருத்தம் தெரிவித்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பிள்ளைகள் வாளியில் தண்ணீர் கொண்டுவர, அவர் காரைக் கழுவுகிறார். துண்டு அவர் தோளிலேயே இருக்கிறது.