உசிலம்பட்டியிலிருந்து ஒரு சைக்கிள் யாத்திரை

இத்தாலி நாட்டின் தஸ்கனிப் பகுதியில் விடுமுறை நாட்களைச் சைக்கிளில் கழிப்போர் பலர். வழிகாட்டி ஒருவர் முன்னே செல்வார். பத்துப் பன்னிரண்டு பேர் பின்தொடர்வர். மூட்டை முடிச்சுகளை ஒரு வண்டி சுமந்து வரும். பகலெல்லாம் திராட்சைத் தோட்டங்களின் ஊடே பயணம். மாலையில் குன்றின்மேல் அமைந்த பழைய ஊர் ஒன்றில் தங்கல். மாணவ நண்பர்களே, இவ்வின்பத்தைப் பெற நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. மலையும் திராட்சையும் பழைய ஊர்களும் உசிலம்பட்டிக்கு மேற்கே, மூன்று நாள் சைக்கிள் வழியில் இருக்கின்றன.

உசிலம்பட்டி, மதுரைக்கு மேற்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வானம் பார்த்த பூமி. இங்கிருந்து தேனிச் சாலையில் சென்றால் ஆண்டிபட்டிக் கணவாய் எதிர்ப்படும். பேருந்தில் செல்பவர் இந்த ஏற்றத்தை அறியவே மாட்டார். சைக்கிளில் செல்பவரின் முழங்கால் அறியும். 1928-ஆம் ஆண்டில் போடிக்குப் போட்ட ரயில் பாதையும் மலைகளுக்கிடையே இந்த வாயிலைத்தான் நாடியது.

கணவாயைக் கடந்து, வையைப் பாலத்தைத் தாண்டித் தேனியை அடைந்ததும் முதல் நாள் முடிந்துவிடும். மறுநாள் தெற்கே திரும்பினால் காட்சி மாறுகிறது. முதலில் நெல்வயல், பின்னர், சின்னமனூரை அடுத்து, கல்தூண்களும் கம்பிகளும் தாங்கும் திராட்சைப் பந்தல்கள். ஐரோப்பாவில் திராட்சைக்கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். ஆகவே ஆண்டுக்கு ஒரே அறுவடை. கம்பம் பள்ளத்தாக்கில் அந்த உறக்கத்திற்கு இடமில்லை. கிளைகளைக் கவாத்துச் செய்தால் கொடி மீண்டும் துளிர்த்துக் காய்க்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்துக் காலத்தை மாற்றிக்கொள்வதால், ஆண்டு முழுவதும் எங்கேனும் பழம் கிடைக்கும். இங்கு விளையும் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. தஸ்கனியில் பெரும்பாலும் மதுவாகும் பழம், இங்கே பெரும்பாலும் கூடையில் சந்தைக்குப் போகிறது. சைக்கிள் ஓட்டுபவருக்கு இதுவே நலம் என்பது என் கருத்து!

பழைய ஊர்களிலும் ஒரு வேற்றுமை உண்டு. பகைவருக்கு அஞ்சிய இத்தாலியர் குன்றின் உச்சியில் குடியேறினர். நம்மவர் நீரை நாடிப் பள்ளத்தாக்கில் குடியேறினர். சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடு, மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் கூறுகிறது. உத்தமபாளையத்துப் பாறையில் சமணத் திருவுருவங்களையும் வட்டெழுத்துக்களையும் காணலாம். இங்கேதான் வழிகாட்டி வேண்டும். பாதை காட்ட அன்று. பாறையின் அருகே சைக்கிளை நிறுத்தச் சொல்வதற்கு.

மூன்றாம் நாள் கம்பம், கூடலூர் வழியே லோயர் கேம்ப். அங்கிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதை செங்குத்தானது. பழகாதவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கமில்லை. ஆனால் ஏறுமுன் லோயர் கேம்பில் சற்று நிற்க வேண்டும். மேற்கே அரபிக் கடலுக்கு ஓடிய பெரியாற்றைப் பென்னிகுயிக் என்னும் பொறியாளர் 1895-இல் அணைகட்டித் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பினார். அந்த நீர் இறங்கும் இடம் இது. அவருக்கு இங்கே மணிமண்டபம் ஒன்று 2013-இல் திறக்கப்பட்டது. இந்நீரால் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகமாக நெல் விளைகிறது. கிணறுகளிலும் ஊற்றுக் குறையாமலிருக்கிறது.

இனி, வந்த வழியை மனத்தில் எண்ணிப் பாருங்கள். இந்த நீர் நம்முடன் கணவாய் வழியே திரும்பி வராது. வையையில் கலந்து, 1959-இல் கட்டிய அணையில் தங்கி, ஆண்டிபட்டி மலைகளுக்கு வடக்கே சுற்றிக்கொண்டு மதுரைக்கும் மேலூருக்கும் போய்விடும். உசிலம்பட்டி மலைக்கு இப்பால் நின்றுவிட்டது. புறப்பட்ட அன்று முழங்கால் அறிந்த அந்த மேடுதான் காரணம். அணை நீரை இப்பக்கம் கொண்டுவர வேண்டுமென உசிலம்பட்டி மக்கள் பல்லாண்டுகள் கேட்டுப் பெற்றதே ஐம்பத்தெட்டுக் கிராமக் கால்வாய். அணையில் நீர் உயர்ந்து நின்றால்தான் அதில் நீர் ஓடும். திரும்பும் வழியில் யாராவது ஒரு விவசாயியிடம், இவ்வாண்டு கால்வாயில் நீர் வந்ததா என்று கேட்டுப் பாருங்கள். அவர் சைக்கிளைப் பிடித்து நிறுத்தி, நெடுநேரம் பேசுவார்.