பிள்ளையின் மனத்துக்கு ஏற்ற ஆலோசகரைத் தேடும்போது



வடக்கனந்தலிலோ கச்சிராயபாளையத்திலோ ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன். போன வருடம் வரை ஞாயிறு தவறாமல் பீடச்சிறுவனாக நின்றவன். மூன்று மாதமாகத் திங்கட்கிழமை விடிந்தால் வயிற்று வலி. ஸ்கேன் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை. இரவில் தூக்கம் இல்லை. கேட்டால் எரிந்து விழுகிறான். பாட்டி திருஷ்டி என்கிறார். அப்பா, இரண்டு அடி போட்டால் சரியாகும் என்கிறார். அம்மா செபக்கூட்டத்துக்கு அழைத்துப் போகிறார். "மனநல டாக்டரிடம் காட்டலாமே" என்று யாராவது சொல்லிவிட்டால், "எம்புள்ள என்ன பைத்தியமா?" என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வியிலேயே பல மாதங்கள் கரைந்துபோகின்றன.

நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாகக் கண்டது. நம் மறைக்கல்வி வகுப்புகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் அடங்குவர். அதோடு, 2024 ஜூனில் கள்ளச்சாராயம் நம் மாவட்டத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய் வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. அந்தப் பணம் தேவைதான். ஆனால் சாவைக் கண்ட பிள்ளையின் மனத்தில் இருப்பதை உட்கார்ந்து கேட்க, பயிற்சி பெற்ற ஒருவரும் தேவை.

"அப்படியானால் செபிக்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாகச் செபியுங்கள். ஆனால் நோயைப் பேய் என்று எண்ணிவிடாதீர்கள். பேய் ஓட்டுவதைப் பற்றிப் பேசும் திருச்சபையின் மறைக்கல்வி நூலே (எண் 1673), முதலில் அது நோய் அல்ல என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும் எனவும், மனநோயைக் குணமாக்குவது மருத்துவ அறிவியலின் வேலை எனவும் தெளிவாகச் சொல்கிறது. பங்குத்தந்தையிடமோ அருள்சகோதரியிடமோ முதலில் பேசுவது நல்லதுதான். ஆனால் அவர்கள் மருத்துவருக்குப் பதில் ஆள் அல்ல.

இனி யாரிடம் போவது? மூன்று வகையினர் உண்டு. மனநல மருத்துவர், எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பும் படித்தவர், மாத்திரை எழுதக்கூடியவர். மருத்துவ உளவியலாளர் மாத்திரை தருவதில்லை. பேச்சு, விளையாட்டு, பயிற்சி வழியாகச் சிகிச்சை தருகிறார். இவர் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். மூன்றாவது, கவுன்சிலர். இந்தப் பெயரில்தான் கவனம் தேவை. முறையாகப் படித்து அருமையாகப் பணி செய்பவர்களும் உண்டு. பத்து நாள் பயிற்சியோடு பலகை மாட்டியவர்களும் உண்டு. எங்கே படித்தார், எத்தனை ஆண்டு, குறிப்பாகக் குழந்தைகளைப் பார்த்த அனுபவம் உண்டா என்று கேட்டறியுங்கள்.

நம் பகுதியில் தொடங்க எளிய இடம், 2022இல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. முன்பு முண்டியம்பாக்கத்துக்கோ சேலத்துக்கோ ஓட வேண்டியிருந்தது. வெள்ளிமலைப் பக்கத்து மலைக்கிராமத்தார் வீண் அலைச்சலைத் தவிர்க்க, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்த நாளில் எந்த ஊருக்கு வருகிறார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துவிட்டுப் புறப்படலாம். சிக்கலான நிலையில் புதுச்சேரி ஜிப்மருக்கோ, குழந்தைகள், வளரிளம்பருவத்தினருக்கெனத் தனி மனநலப் பிரிவு உள்ள வேலூர் சி.எம்.சி.க்கோ அனுப்புவார்கள். டெலி மானஸ் எண் 14416இல் இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

படிப்பும் அனுபவமும் இருந்தால் போதுமா? போதாது. பிள்ளைக்கு அவரோடு ஒட்ட வேண்டும். முதல் சந்திப்பில் அவர் யாரிடம் பேசுகிறார் என்று பாருங்கள். பிள்ளை சுவர் ஓரம் நிற்க, உங்களிடமே குற்றப்பட்டியல் கேட்பவர் ஒரு வகை. பிள்ளையின் பெயர் சொல்லி, அது பேசும் பேச்சிலேயே பேசுபவர் வேறு வகை. சின்னக் குழந்தையென்றால் அறையில் பொம்மை, வண்ணப் பென்சில் ஏதாவது இருக்க வேண்டும்; ஆறு வயதுப் பிள்ளை நாற்காலியில் அமர்ந்து மனம் திறக்காது. வளர்ந்த பெண் பிள்ளையிடம், பெண் ஆலோசகர் வேண்டுமா என்று முன்னதாகவே கேட்டுவிடுங்கள். ஒரே நாளில் குணமாக்குகிறேன் என்பவர், மதிப்பெண்ணைப் பற்றிப் பிரசங்கம் செய்பவர், மிரட்டுபவர், மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பவர் ஆகியோரை விட்டு விலகுங்கள்.

பெற்றோருக்குக் கடினமான பகுதி இனிமேல்தான். உள்ளே என்ன பேசினாய் என்று பிள்ளையைத் துருவக்கூடாது. ஒப்புரவு அருள்சாதனம் பெற்று வரும் பிள்ளையிடம் அப்படிக் கேட்பதில்லை அல்லவா? இது அதற்கு முற்றிலும் சமம் அல்ல. பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால் ஆலோசகர் உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். பாலியல் துன்பம் நேர்ந்திருந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் அளிப்பது அவர் கடமை. இந்த எல்லையை முதல் நாளிலேயே பிள்ளைக்கும் உங்களுக்கும் விளக்கிச் சொல்பவரே நல்ல ஆலோசகர். மேலும், பல நேரங்களில் மாற வேண்டியது வீடு. உங்களையும் சில நாள் வரச் சொன்னால், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான்கைந்து முறை போயும் ஒட்டவில்லையென்றால் அவரிடமே சொல்லி வேறொருவரைக் கேட்கலாம்; தப்பில்லை. ஆனால் பிள்ளை ஒருநாள் அழுதுவிட்டது என்பதற்காக மாற்ற வேண்டாம். அழுகை சில நேரம் வேலை தொடங்கியதன் அடையாளம். மாத்திரை எழுதியிருந்தால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது. "செத்துப்போகலாம்போல இருக்கு" என்று பிள்ளை சொன்னாலோ, கையில் கீறல்களைக் கண்டாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தனியே விடாதீர்கள். மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் வாங்கி வைத்த பூச்சிமருந்து டப்பா திண்ணையிலோ பரணிலோ இருந்தால், முதலில் அதைப் பூட்டிச் சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.