ரத்து செய்தால் மிச்சம் எவ்வளவு? அமெரிக்கக் காப்பீட்டுச் சட்டத்தின் பற்று வரவு

2017 மே 4 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 217க்கு 213 என்ற வாக்குகளில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. 2010இல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை, அதாவது மக்கள் ஒபாமாகேர் என்று அழைக்கும் சட்டத்தை, பெருமளவு நீக்கிவிட்டு அதன் இடத்தில் வேறொன்றை வைப்பது நோக்கம். வாக்கெடுப்பு முடிந்து இருபது நாள் கழித்துத்தான் நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் அதற்கான முழுக் கணக்கை வெளியிட்டது.

– பத்தாண்டுகளில் குறையும் அரசுச் செலவு: 1,11,100 கோடி டாலர்
– பத்தாண்டுகளில் குறையும் அரசு வரவு: 99,200 கோடி டாலர்
– பற்றாக்குறையில் மிச்சம்: 11,900 கோடி டாலர்
– 2026இல் கூடுதலாகக் காப்பீடு இல்லாதிருப்போர்: 2.3 கோடி பேர்

செலவில் வெட்டப்பட்ட ஒவ்வொரு 100 டாலரிலும் ஏறத்தாழ 89 டாலர் வரவு இழப்பில் போய்விடுகிறது. கஜானாவில் தங்குவது 11 டாலர்தான். "நாட்டுக்குக் கட்டுப்படியாகாது" என்று சொல்லி ஒரு சட்டத்தை நீக்க வருகிறவர்கள் இந்த நான்கு வரிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ரத்தா, நீடிப்பா என்ற சண்டை பதினைந்து ஆண்டுகளாகச் சுதந்திரம், உரிமை, அரசின் எல்லை என்ற பெரிய சொற்களில் நடக்கிறது. அந்தச் சொற்களுக்கு அடியில் ஒரு பணக்கணக்கு இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தால் ரத்து என்பது பெரும்பாலும் சிக்கனம் அல்ல, சுமையை இடம் மாற்றுவது என்பது தெரியும்.

தொடக்க இருப்பு

2010இல் 65 வயதுக்குக் கீழ் காப்பீடு இல்லாத அமெரிக்கர்கள் 4.65 கோடி பேர். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மெடிகேர் உண்டு, மிகவும் ஏழைகளில் ஒரு பகுதியினருக்கு மெடிக்கெய்ட் உண்டு, நல்ல வேலையில் இருப்பவர்களுக்கு நிறுவனம் எடுத்துத் தரும் காப்பீடு உண்டு. இந்த மூன்றிலும் சேராதவர்கள் தனியாகப் பாலிசி வாங்க வேண்டும். அன்று அங்கே காப்பீட்டு நிறுவனம் உடல்நிலையைக் கேட்கும். சர்க்கரையோ பழைய புற்றுநோயோ இருந்தால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடும். அந்தப் பழைய விதிகள் இருந்தால் தனிப் பாலிசி மறுக்கப்படக்கூடிய உடல்நிலை 65 வயதுக்குக் கீழான பெரியவர்களில் 5.2 கோடி பேருக்கு, அதாவது 27 சதவீதத்தினருக்கு, இருந்தது என்று கைசர் குடும்ப அறக்கட்டளை 2016இல் கணக்கிட்டது.

செனட் 60க்கு 39, பிரதிநிதிகள் சபை 219க்கு 212 என்று வாக்களித்து, 2010 மார்ச் 23 அன்று ஒபாமா கையெழுத்திட்டார். எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு வாக்குக்கூட இல்லை. நோயைக் காட்டிக் காப்பீட்டை மறுக்கக் கூடாது. வயதானவரிடம் இளைஞரைவிட மூன்று மடங்குக்கு மேல் பிரீமியம் வாங்கக் கூடாது. பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோர் பாலிசியில் இருக்கலாம். தனியார் நிறுவனங்கள் வசூலிக்கும் பிரீமியத்தில் 80 அல்லது 85 சதவீதத்தைச் சிகிச்சைக்கும் அதன் தரத்துக்குமே செலவிட வேண்டும். இவை விதிகள். இவற்றுடன் இரண்டு பெரிய செலவுகள் வந்தன: நடுத்தர வருமானத்தாருக்குப் பிரீமிய மானியம், ஏழைகளுக்கு மெடிக்கெய்ட் விரிவாக்கம்.

செலவுப் பத்தி

காப்பீட்டை விரிவாக்கப் பத்தாண்டுகளில் 94,000 கோடி டாலர் ஆகும் என்று 2010இல் மதிப்பிட்டார்கள். இது சிறிய தொகை அல்ல. இதை ஈடுகட்ட மெடிகேர் மருத்துவமனைகளுக்குத் தரும் தொகையின் வளர்ச்சியைக் குறைத்தார்கள். ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கும் தனிநபர், இரண்டரை லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கும் தம்பதி ஆகியோரின் உழைப்பு வருமானத்தில் 0.9 சதவீதமும் முதலீட்டு வருமானத்தில் 3.8 சதவீதமும் கூடுதல் வரி போட்டார்கள். வரவும் செலவும் சேர்ந்து பற்றாக்குறை 14,300 கோடி டாலர் குறையும் என்பது அன்றைய முடிவு. 2015இல் அதே பட்ஜெட் அலுவலகம் ரத்துக்குத் தனியாகக் கணக்குப் போட்டபோது, பற்றாக்குறை பத்தாண்டில் 13,700 கோடி டாலர் கூடும் என்று வந்தது. பொருளாதாரத்தில் ஏற்படும் விளைவைச் சேர்க்காவிட்டால் 35,300 கோடி.

2017 மசோதாவில் வரவு ஏன் அவ்வளவு சரிந்தது என்பது இப்போது புரியும். சட்டத்தின் செலவோடு, அந்தச் செலவுக்காகச் செல்வந்தர்மீது போட்ட வரிகளையும் அது நீக்கப் பார்த்தது. செலவு வெட்டில் பெரும்பங்கு மெடிக்கெய்ட்: 83,400 கோடி டாலர். ஏழைகளின் காப்பீட்டிலிருந்து எடுக்கும் பணத்தில் மிகப் பெரும்பகுதி வரிச்சலுகையை ஈடுகட்டப் போயிருக்கும்.

விரும்பாத பதிவுகளும் உண்டு

சட்டத்தைக் காக்க விரும்புகிறவர்கள் மறைக்கக் கூடாத எண்களும் இருக்கின்றன. காப்பீடு விற்கக் கூட்டரசு அமைத்த இணையச் சந்தையைப் பயன்படுத்திய 39 மாநிலங்களில் தனிப் பாலிசியின் சராசரி மாதப் பிரீமியம் 2013இல் 232 டாலர். 2017இல் 476 டாலர். நான்கே ஆண்டில் இரு மடங்கு. புதிய பாலிசி முன்பைவிட அதிகச் சிகிச்சைகளை உள்ளடக்கியது, நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டது என்பது உண்மை. ஆனால் மானிய வரம்புக்குச் சற்று மேலே நின்ற சிறு கடைக்காரருக்கும் விவசாயிக்கும் அந்த விளக்கம் பில்லைக் குறைக்கவில்லை. அவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது.

முன்கணிப்பும் பிசகியது. 2016இல் 2.1 கோடிப் பேர் சந்தையில் பாலிசி வாங்குவார்கள் என்று 2010இல் எதிர்பார்த்தார்கள்; அந்த ஆண்டுக்குப் பதிவு செய்தவர்கள் 1.27 கோடி.

மறுதிசையிலும் கணிப்பு தவறியது. காப்பீடு எடுக்காதவருக்கு அபராதம் உண்டு என்பது சட்டத்தின் மிக வெறுக்கப்பட்ட பகுதி. 2016இல் அது பெரியவருக்கு 695 டாலர் அல்லது வருமானத்தில் 2.5 சதவீதம், எது அதிகமோ அது. 2017 டிசம்பர் வரிச் சட்டம் இந்த அபராதத்தைச் சுழியமாக்கியது. அதனால் 2027இல் 1.3 கோடிப் பேர் கூடுதலாகக் காப்பீடு இல்லாதிருப்பார்கள் என்று மதிப்பிட்டிருந்தார்கள். அபராதம் போன 2019இல் 65 வயதுக்குக் கீழ் காப்பீடு இல்லாதோர் 2.89 கோடி, 2016இல் இருந்த 2.67 கோடியைவிடக் கூடுதல்தான், ஆனால் அஞ்சிய அளவு இல்லை. சந்தை குலையவும் இல்லை. ஆகவே 2017 மசோதாக்களின் கீழ் எழுதப்பட்ட ஆள் எண்ணிக்கையில் அபராத நீக்கத்துக்கு ஒதுக்கிய பங்கைக் குறைத்தே படிக்க வேண்டும். மெடிக்கெய்ட் வெட்டும் மானிய வெட்டும் அப்படியல்ல. பணம் நின்றால் காப்பீடு நிற்கும்.

2017 ஜூலை: மூன்று வாக்கெடுப்பு

பிரதிநிதிகள் சபை அனுப்பிய மசோதாவுக்கு மாற்றாக செனட்டில் ஒரே வாரத்தில் மூன்று வடிவங்கள் வந்தன.

– ரத்தும் மாற்றும்: கூடுதலாகக் காப்பீடு இல்லாதோர் 2.2 கோடி, பற்றாக்குறையில் மிச்சம் 42,000 கோடி டாலர். 43க்கு 57 என்று தோற்றது.
– மாற்று இல்லாத ரத்து: 3.2 கோடி பேர், 47,300 கோடி டாலர். தனிப் பாலிசியின் பிரீமியம் 2026க்குள் இரட்டிப்பு. 45க்கு 55.
– முக்கியமாக அபராதத்தைக் குறிவைத்த சுருக்க ரத்து: 1.6 கோடி பேர்; பிரீமியம் 20 சதவீதம் அதிகம். ஜூலை 28 அதிகாலை 49க்கு 51.

கடைசி வாக்கெடுப்பில் குடியரசுக் கட்சியின் காலின்ஸ், மர்கவ்ஸ்கி, மெக்கெய்ன் மூவரும் எதிர்த்தனர். இரண்டாம் வடிவத்தில் இருக்கும் மிச்சத்தை ஆட்களால் வகுத்தால் ஒருவருக்குப் பத்தாண்டில் சுமார் 14,800 டாலர், ஆண்டுக்கு 1,480. ஒரு மனிதரின் காப்பீட்டைப் பறித்து அரசு பெறும் நிகர லாபம் அவ்வளவுதான்.

இன்னொரு ஏட்டில் ஏறும் செலவு

காப்பீடு போனாலும் நோய் போவதில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அவசரச் சிகிச்சைக்கு வருகிறவரைப் பணமில்லை என்று மருத்துவமனை திருப்பி அனுப்ப முடியாது. அந்தச் செலவு மருத்துவமனையின் வாராக்கடனாகவோ நோயாளியின் கடனாகவோ மாறும். அமெரிக்கர்கள் சுமக்கும் மருத்துவக் கடன் குறைந்தது 22,000 கோடி டாலர். சுமப்பவர்கள் சுமார் 2 கோடிப் பெரியவர்கள், பன்னிரண்டில் ஒருவர். அரசுப் பற்றாக்குறைக் கணக்கில் இந்தத் தொகைக்குப் பதிவு கிடையாது. அதனால் ரத்து மலிவாகத் தெரிகிறது.

உயிருக்கும் ஒரு பதிவு உண்டு. காப்பீடு எடுக்காமல் அபராதம் கட்டிய 45 லட்சம் குடும்பங்களுக்கு நினைவூட்டுக் கடிதம் அனுப்ப அமெரிக்க வரித்துறை 2017 தொடக்கத்தில் முனைந்தது. நிதி போதாமல், குலுக்கல் முறையில் தேர்ந்த 39 லட்சம் குடும்பங்களுக்கே அனுப்பியது. எதிர்பாராமல் ஒரு பெரும் சோதனை அமைந்துவிட்டது. கடிதம் பெற்றவர்களில் காப்பீடு எடுத்தோர் கூடினர். அதற்குமுன் காப்பீடு இல்லாதிருந்த 45 முதல் 64 வயதுக்காரர்களிடையே, கடிதம் பெற்ற ஒவ்வொரு 1,648 பேருக்கும் ஓர் இறப்பு குறைந்ததாக ஆய்வாளர்கள் கண்டனர். ஒரு தாள், ஓர் உறை, ஓர் அஞ்சல்தலை. காப்பீட்டுக்கும் ஆயுளுக்கும் தொடர்பில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

மாநிலத்துக்கு மாநிலம்

2012 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று சட்டத்தைக் காத்தது. ஆனால் மெடிக்கெய்ட் விரிவாக்கத்தை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை வருமானம் உள்ளவர்களைச் சேர்த்தால் முதல் மூன்று ஆண்டு முழுச் செலவும், 2020 முதல் 90 சதவீதமும் கூட்டரசு தரும். 40 மாநிலங்களும் தலைநகர்ப் பகுதியும் ஏற்றன. டெக்சாஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா உள்ளிட்ட 10 மாநிலங்கள் ஏற்கவில்லை. அங்கே மெடிக்கெய்டுக்கும் தகுதி இல்லாமல், மானியத்துக்கும் வருமானம் போதாமல் சுமார் 14 லட்சம் பேர் நடுவில் நிற்கிறார்கள். 2023இல் மாசசூசெட்ஸில் காப்பீடு இல்லாதோர் 2.6 சதவீதம், டெக்சாஸில் 16.4. ஒரே நாடு, ஒரே சட்டம், ஆறு மடங்கு வித்தியாசம்.

2025: பெயர் சொல்லாத ரத்து

2021இல் மானியத்தை உயர்த்தினார்கள். யாரும் அடிப்படைப் பாலிசிக்கு வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டாம் என்றார்கள். சந்தையில் பதிந்தோர் அந்த ஆண்டின் 1.2 கோடியிலிருந்து 2025இல் 2.4 கோடிக்கு ஏறினர். இந்த உயர்வு 2025 முடிவில் காலாவதியாகும்படி எழுதப்பட்டிருந்தது. நீடிக்கக் கோரிய சண்டையில் அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசு அலுவலகங்கள் முடங்கின, மானியம் நீடிக்கவில்லை.

85,000 டாலர் சம்பாதிக்கும் 60 வயதுத் தம்பதியைப் பாருங்கள். பழைய வரம்பான வறுமைக்கோட்டின் நான்கு மடங்கு அவர்களுக்கு 84,600. நானூறு டாலர் கூடச் சம்பாதிப்பதால் மானியம் முழுவதும் போகிறது. 8.5 சதவீத விதியில் ஆண்டுக்கு 7,225 டாலர் கட்டியிருப்பார்கள். விதி போனதும் அவர்களின் பிரீமியம் 2026இல் 22,600 டாலருக்கும் அதிகமாகக் கூடும் என்று கைசர் கணக்கிட்டது. உயர்வு மட்டுமே வருமானத்தில் கால் பங்கைத் தாண்டுகிறது.

எதிர்த்தவர்களிடம் வலுவான ஓர் எண் இருந்தது: மானிய உயர்வை நிரந்தரமாக்கப் பத்தாண்டில் 35,000 கோடி டாலர் ஆகும், 2035இல் அதனால் கூடுதலாகக் காப்பீடு பெறுவோர் 38 லட்சம். வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு 9,200 டாலர். விலை அதிகம்தான். ஆனால் இந்தப் பணம் 38 லட்சம் பேருக்கு மட்டும் போவதில்லை. ஏற்கெனவே பாலிசி வைத்திருக்கும் மற்றவர்களின் சுமையையும் இறக்குகிறது. மேலும், நிறுவனம் தரும் காப்பீட்டுக்கு உள்ள வரிவிலக்கால் அரசு 2022இல் மட்டும் இழந்தது சுமார் 30,000 கோடி டாலர். அலுவலக ஊழியர் பெறுவதை யாரும் மானியம் என்று அழைப்பதில்லை. தச்சரும் டாக்சி ஓட்டுநரும் பெறும்போதுதான் அது மானியமாகிறது.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் மெடிக்கெய்டில் பத்தாண்டில் ஏறத்தாழ 1 லட்சம் கோடி டாலரை வெட்டுகிறது. 2034இல் கூடுதலாக 1 கோடிப் பேர் காப்பீடு இல்லாதிருப்பார்கள் என்பது மதிப்பீடு. விரிவாக்கத்தில் சேர்ந்தவர்கள் மாதம் 80 மணி நேரம் உழைத்ததைக் காட்ட வேண்டும். ஆர்கன்சா மாநிலம் 2018இல் இதைச் செய்து பார்த்தது: சில மாதங்களில் 18,000க்கும் மேற்பட்டோர் காப்பீடு இழந்தனர், பிறகு நீதிமன்றம் நிறுத்தியது. ரத்து என்ற சொல் இந்தச் சட்டத்தில் இல்லை. விளைவில் இருக்கிறது.

என் தீர்ப்பு

சட்டம் இருக்க வேண்டும். 2024இல் சுமார் 4.5 கோடிப் பேர் அதன் வழியாகக் காப்பீடு பெற்றார்கள்; அவர்களை இறக்கிவிட்டுக் கிடைக்கும் மிச்சம் சிறியது, அதுவும் வரிச்சலுகையாகக் கரைவது. ஆனால் சட்டம் தொடாத பெரிய தொகை ஒன்று உண்டு. 2023இல் அமெரிக்காவின் மொத்த மருத்துவச் செலவு 4.9 லட்சம் கோடி டாலர், தலைக்கு 14,570. நிறுவனக் காப்பீட்டில் ஒரு குடும்பத்தின் ஆண்டுப் பிரீமியம் 2010இல் 13,770 டாலர், 2025இல் 26,993. மருத்துவமனையின் விலையும் மருந்தின் விலையும் இப்படி ஏறிக்கொண்டிருந்தால் எந்த மானியமும் போதாது. ரத்து கேட்கிறவர்கள் காப்பீடு இழப்பவரின் செலவு யார் தலையில் விழும் என்பதை வாக்கெடுப்புக்கு முன்பே எண்ணில் எழுதித் தர வேண்டும். காக்கிறவர்கள் அந்த விலையை எந்த ஆண்டுக்குள் எவ்வளவு இறக்குவோம் என்பதை எழுதித் தர வேண்டும். முதல் கடனை இதுவரை யாரும் அடைக்கவில்லை; இரண்டாவது இன்னும் தொடங்கப்படவே இல்லை.