ஆத்தும சோதனையும் ஆபீஸ் போஸ்ட்மார்ட்டமும்

"அப்பா, நீங்க கடைசியா எப்ப கன்ஃபெஷன் போனீங்க?"

காரின் பின் சீட்டில் இருந்து மகள் கேட்டாள். இரண்டாம் வகுப்பு. இங்கே ஒன்டாரியோவில் கத்தோலிக்கப் பள்ளிகளில் அந்த வகுப்பில்தான் பிள்ளைகளை முதல் பாவசங்கீர்த்தனத்துக்கும் புதுநன்மைக்கும் தயார் செய்கிறார்கள். பள்ளியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். பொய் சொன்னேனா, தம்பியை அடித்தேனா, அம்மா சொன்னதைக் கேட்டேனா என்று வரிசையாகக் கேள்விகள். அதை வாசித்துக்கொண்டே வந்தவளுக்குத் திடீரென்று அப்பா மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"ரொம்ப நாளாச்சும்மா."

"எத்தனை நாள்?"

பதினோரு வருடம். கல்யாணத்துக்கு முந்தின வாரம், தூத்துக்குடியில். அதை அவளிடம் சொல்லவில்லை. சிக்னல் பச்சையானது, வண்டியை எடுத்துவிட்டேன்.

ஊரில் இருந்தவரை இது பெரிய விஷயமே இல்லை. தவக்காலம் வந்தால் பாட்டி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்திவிடுவாள். போகும் வழியில், "ஆத்தும சோதனை செஞ்சியா?" என்று ஒரு அதட்டல். செய்தேன் என்று சொல்வேன். அந்த வாரத்தின் முதல் பொய் அதுதான். வெளிநாடு வந்த பிறகு ஞாயிறு பூசை தொடர்ந்தது, திருவிழாக்கள் தொடர்ந்தன, இது மட்டும் சத்தமில்லாமல் கழன்று விழுந்துவிட்டது. நம்மில் நிறையப் பேருக்கு இப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மகளின் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால், ஆத்தும சோதனை என்பது உண்மையில் என்ன என்று வாசிக்க ஆரம்பித்தேன். அது என்னை லொயோலா இஞ்ஞாசியாரிடம் கொண்டுபோய் விட்டது. 1521 மே மாதம் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவருக்குக் கால் நொறுங்கியது. அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கலாம், என்னைவிட இளையவர். வீட்டில் மாதக்கணக்கில் படுக்கை. பொழுதுபோக்க வீரக் கதைகள் கேட்டார். கிடைத்தவை இயேசுவின் வாழ்க்கையும் புனிதர்களின் வரலாறும்தான்.

அங்கே அவர் கவனித்த விஷயம் சின்னது. போர், புகழ், ஒரு பெரிய இடத்துப் பெண் என்று கனவு காணும்போது சுகமாக இருந்தது, ஆனால் கனவு முடிந்ததும் உள்ளே வறண்டு போனது. புனிதர்களைப் போல வாழ்வதாக நினைத்துப் பார்த்தபோதோ, நினைப்பு முடிந்த பிறகும் சந்தோஷம் தங்கியது. அதாவது, செய்யும்போது எப்படி இருக்கிறது என்பதைவிட, முடிந்த பிறகு என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டார். ராத்திரி பதினொன்றரை மணிக்கு ரீல்ஸ் தள்ளிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைக்கும் யாருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

பிறகு அவர் எழுதிய 'ஆன்மீகப் பயிற்சிகள்' 1548ல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றது. அதில் வரும் ஒரு பக்கத்தைப் பார்த்து நான் சிரித்தே விட்டேன். நம் ஆட்கள் ஆபீசில் வரையும் பர்ன்டவுன் சார்ட்! திருத்த வேண்டிய ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். வாரத்தின் ஏழு நாளுக்கும் நாளுக்கு இரண்டு கோடு. மதியம் வரை எத்தனை முறை விழுந்தோமோ அத்தனை புள்ளி முதல் கோட்டில், அதன் பிறகு இரவு வரை விழுந்தவை இரண்டாவது கோட்டில். ராத்திரி இரண்டையும் ஒப்பிடு, நேற்றோடு இன்றை ஒப்பிடு, போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிடு. விழுந்த அந்த நொடியிலேயே நெஞ்சில் கை வை, கூட்டத்தின் நடுவில் இருந்தாலும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் செய்துவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறார். ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய மனிதர், எவ்வளவு நடைமுறை தெரிந்தவர்!

இது நமக்கு அந்நியச் சரக்கும் இல்லை. பாரிசில் அவரோடு தங்கிப் படித்த சவேரியார்தான் 1542ல் எங்கள் முத்துக்குளித்துறைக்கு வந்தவர். பின்னால் வந்த இயேசு சபைக்காரர் அண்ட்ரிக் அடிகளார் தமிழ் கற்று, தமிழிலேயே அச்சடிக்க ஆரம்பித்தார். முதலில் 1578ல் 'தம்பிரான் வணக்கம்'. இரண்டு வருடம் கழித்து 1580ல் அவர் கொண்டுவந்த புத்தகம் பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு, 'கொம்பெசியனாயரு'. தமிழ் அச்சு பிறந்த உடனேயே தமிழனை உட்கார வைத்து, நீ என்ன செய்தாய் என்று கேட்டிருக்கிறது.

சரி, நானும் ஆரம்பித்தேன். ஆபீசிலிருந்து திரும்பும் ரயிலில் பத்து நிமிடம். இஞ்ஞாசியார் சொல்லும் ஒழுங்கில் முதல் படி குற்றம் தேடுவது கிடையாது, நன்றி சொல்வது. அடுத்து, என்னை நானே பார்க்க வெளிச்சம் தா என்று கேட்பது. அதற்குப் பிறகுதான் எழுந்த நேரத்திலிருந்து மணி மணியாக நாளைத் திரும்பிப் பார்ப்பது. கடைசியில் மன்னிப்பும், நாளைக்கான தீர்மானமும். முதல் வாரம் எல்லாம் சில்லறைதான். அம்மா ஃபோனில் பேசும்போது லேப்டாப் பார்த்தது, பையனிடம் எரிந்து விழுந்தது.

இரண்டாவது வாரம், தேடாத ஒன்று மேலே வந்தது.

நாலு வருடம் முன்பு, பழைய கம்பெனியில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்வரில் ஒரு செட்டிங்கைக் கையாலேயே மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கே என் டீமில் இருந்த ஒரு தம்பி, நம்ம ஊர்ப் பையன், கான்ட்ராக்ட்டில் இருந்தவன், தன் ரிலீசை ஏற்றினான். இரண்டு மணி நேரம் எல்லாம் படுத்துவிட்டது. ரிலீசைப் பின்வாங்கினோம், அந்தக் குழப்பத்தில் என் செட்டிங்கையும் நான் பழையபடி மாற்றி வைத்தேன். சரியாகிவிட்டது. திங்கட்கிழமை போஸ்ட்மார்ட்டம் மீட்டிங். எங்கள் துறையில் அதற்கு ஒரு நல்ல விதி உண்டு: யார் செய்தது என்று கேட்கக் கூடாது, முறையில் எங்கே ஓட்டை என்று மட்டும் கேட்க வேண்டும். பயமில்லாமல் உண்மையைச் சொல்ல வைப்பதற்கான விதி. நான் அதையே போர்வையாக்கிக் கொண்டேன். ஆவணத்தில் யார் பெயரும் இல்லை. ஆனால் எல்லார் கண்ணும் அந்தத் தம்பி மேல்தான் இருந்தது. ஆறு மாதத்தில் அவன் கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கவில்லை. இதனால்தானா, தெரியாது. அந்த 'தெரியாது'வை வைத்துத்தான் நாலு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

போஸ்ட்மார்ட்டம் முறையைத் திருத்தும். அதற்கு அதுவே வேலை, நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் 'நான்' என்று ஆரம்பிக்கும் ஒரு வாக்கியத்தை எழுத அந்த ஆவணத்தில் இடமே கிடையாது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இது தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் பழக்கமாகவும் திரும்பிவிடும். இஞ்ஞாசியாருக்கே மன்ரேசாவில் அது நடந்தது. சொன்ன பாவங்களையே திரும்பத் திரும்பச் சொல்லி, உயிரை விட்டுவிடலாமா என்கிற அளவுக்குப் போனார். பழையதை இனி கிளறுவதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் மீண்டார். எனக்கும் ஒரு வாரம் தூக்கம் கெட்டது. ஆனால் என் விஷயம் வேறு. நான் இன்னும் ஒரு தடவைகூடச் சொல்லவே இல்லையே.

அந்தத் தம்பிக்கு லிங்க்ட்இன்னில் எழுதினேன். நாலு தடவை அழித்து எழுதி, கடைசியில் நடந்ததை மட்டும் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது.

"அது நீங்கன்னு அப்பவே தெரியும்ணா. ஆடிட் லாக்ல இருந்துச்சு. நீங்களே சொல்வீங்கன்னு பார்த்தேன்."

அவ்வளவுதான். பரவாயில்லை என்றும் எழுதவில்லை, திட்டவும் இல்லை. நான் அதை எத்தனை தடவை வாசித்தேன் என்று கணக்கில்லை.

போன சனிக்கிழமை மகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டுத் துள்ளிக்கொண்டு வந்தாள். பெற்றோர்களும் வரலாம் என்றார்கள். போய் நின்றேன். சாமியார் பிலிப்பைன்ஸ்காரர். எனக்கோ பாவசங்கீர்த்தன செபம் தமிழில் மட்டும்தான் தெரியும், பாட்டி சொல்லிக்கொடுத்தது. சரி, ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். ஆச்சரியம், சரளமாக வந்தது, வேறு யாரோ செய்ததைச் சொல்வதுபோல. ஸ்டேட்டஸ் மீட்டிங்கில் பேசும் அதே குரல். பாதியில் நிறுத்தினேன்.

"ஒரு நிமிஷம் ஃபாதர்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு என்ன புரிந்ததோ, தலையசைத்துக் காத்திருந்தார்.

வெளியே வந்ததும் மகள் கடிகாரத்தைக் காட்டினாள். "இருபது மினிட்ஸ்! அவ்வளவு பெரிய லிஸ்ட்டா அப்பா?"